பலகை மாட்டினால் பொறுப்பு கழன்றுவிடாது: நகர வர்த்தகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்துவ முதலாளிமார் அனைவருக்கும்,

உங்கள் சங்கம் கடைசியாகக் கூடியபோது எடுத்த முடிவைப் பற்றித்தான் இந்த மடல். நம் நகரத்தின் பிரதான வீதியில் உள்ள சாமான் கடைகள் எல்லாவற்றிலும் இப்போது ஒரே அளவில் ஒரே பலகை தொங்குகிறது. "கடைக்குள் வாடிக்கையாளருக்கு ஏற்படும் விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." மூன்று மொழியிலும் பிழையில்லாமல் அச்சடித்திருக்கிறீர்கள். நம் ஊரில் பஸ் நேர அட்டவணைகூட இவ்வளவு ஒழுங்காக மூன்று மொழியில் வந்ததில்லை.

அந்தப் பலகையைக் கழற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சட்டத்தில் அதற்குப் பெறுமதி கிடையாது. அது எதனால் தொங்கத் தொடங்கியது என்பதும் ஊருக்கே தெரியும். உங்கள் அங்கத்தவர் ஒருவரின் கடையில் என் அக்கா வழுக்கி விழுந்து, நாங்கள் நட்டஈடு கேட்ட பிறகுதான் இந்த யோசனையே வந்தது.

என்ன நடந்தது என்று கூட்டத்தில் உங்களுக்கு எப்படிச் சொல்லப்பட்டதோ தெரியாது. "தோட்டத்துப் பொம்பளை ஒன்று மழையில் செருப்போடு ஓடி வந்து விழுந்தது" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. நடந்தது இது.

அந்தக் கடையில் உதிரித் தேங்காய் எண்ணெய்ப் பீப்பாய் பின்பக்கம், பருப்பு மூட்டைகளுக்கும் ஃபிரிஜ்ஜுக்கும் நடுவில் நின்றது. குழாய் முழுசாக இறுகாது, சொட்டும். சொட்டுவதற்குக் கீழே ஒரு தகரத் தட்டு. தட்டு நிரம்பினால் விளிம்பால் வழியும். அதற்காகத் தட்டின் கீழே ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையைப் பிரித்து விரித்திருந்தார்கள். அந்த அட்டை எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்து, டைல்ஸில் நிற்காமல் நழுவுகிற பதத்துக்கு வந்திருந்தது. பருப்பு அள்ளப் போன அக்கா கால் வைத்தது அதில்தான். அட்டையோடு காலும் போக, விழும்போது வலது கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது.

அட்டையின் நிறத்தை நான் இவ்வளவு விபரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் அந்த நிமிடம்தான் சிந்தியது, துடைக்க நேரம் கிடைக்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். அட்டை ஒன்று அப்படிக் கறுக்க நாள் கணக்காகும். அவ்வளவு நாளும் அதைத் தாண்டித்தான் கடைக்காரர்கள் போய் வந்திருக்கிறார்கள்.

விழுந்த பிறகு நடந்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கடைப் பையன் ஓடி வந்து தூக்கினான். கேஷியர் தங்கச்சி கதிரை போட்டார். முதலாளி பிளேன்டி வரவழைத்து, முச்சக்கர வண்டி பிடித்துக் கொடுத்து, கையில் 2,000 ரூபாவும் வைத்தார். இதை நாங்கள் மறக்கவில்லை, எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது அட்டையைக் காணோம், தட்டைக் காணோம், பீப்பாய் வேறு மூலைக்குப் போயிருந்தது. கமராப் பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கக் கமரா பழுது என்றார்கள். அதே பக்கத்தில் பால்மா பக்கற்றைச் சட்டைக்குள் ஒளித்த ஒரு பையனின் படம், கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அந்தக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் பளிச்சென்று வந்திருந்தது. திருடனைப் பிடிக்கும்போது வேலை செய்கிற கமரா, ஆள் விழும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது.

அக்கா கொழுந்து எடுப்பவர். கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும். மாவுக்கட்டு கையில் இருந்த காலம் முழுக்கப் பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம், இல்லை. கட்டைக் கழற்றிய பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை, எடுத்த கொழுந்தின் நிறுவை குறைந்தது, முழுப் பேர் விழ வேண்டிய நாட்களில் அரைப்பேர் விழுந்தது. அதற்கு மேல் கிளினிக்குக்குப் போய்வரும் வண்டிக் கூலி. பீலியிலிருந்து தண்ணீர் தூக்க, விறகு பிளக்க, ரொட்டிக்கு மாப் பிசைய லயத்தில் வேறு யாராவது வர வேண்டும். மூத்த மகள் பாடசாலைக்குப் போகாமல் நின்ற நாட்களுக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?

இத்தனைக்கும் பிறகு கடையில் எங்களுக்குக் கிடைத்த பதில், "உங்க கொப்பியில இருக்கிற கடன்ல மூவாயிரம் குறைச்சு விட்டுர்றேன், இத்தோட விட்டுருங்க" என்பதுதான்.

கொப்பிக் கணக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துச் சனம் பாதிப் பேர் உங்கள் கொப்பியில்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள். சம்பளம் போட்டதும் பழைய பாக்கியைக் கட்டி, அன்றைக்கே புதுப் பற்று எழுதுகிறார்கள். அப்படியிருக்கும்போது, விழுந்தவர் வாய் திறந்தால் அடுத்த மாதம் மாவும் சீனியும் எங்கே வாங்குவது? அக்கம்பக்கத்து லயத்தில் எங்களுக்குச் சொன்ன புத்தி எல்லாம் இதுதான்: "முதலாளியைப் பகைச்சுக்காதீங்க." இந்த மடலை நான் திறந்த மடலாக எழுதுவதற்கும் அதுவே காரணம். தனியாகக் கடைக்கு வந்து கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றால், பேச்சு கடைசியில் கொப்பியில்தான் போய் முடிகிறது.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் சட்டத்தரணி கிடையாது. ஆனால் இதற்காக ஒரு சட்டத்தரணியிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், வாசித்தும் பார்த்திருக்கிறேன்.

அதே எண்ணெயில் உங்கள் கடைப் பையன் விழுந்திருந்தால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் அவனுக்கு இருக்கிறது. வேலையின்போது காயப்பட்டவனுக்கு வேலை கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். அக்கா தேயிலை மலையில் கூடையோடு விழுந்திருந்தாலும் அதே சட்டம் வந்திருக்கும். காசு கொடுத்துச் சாமான் வாங்க வந்தவர் விழுந்தால் அந்தச் சட்டம் வராது. அவருக்கு இருப்பது பொதுச் சட்டம், அதாவது நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள உரோமன் டச்சுச் சட்டம். மற்றவரின் கவனயீனத்தால் உடம்புக்குக் காயமும் வருமான இழப்பும் வந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். இழந்த சம்பளம், வைத்தியச் செலவு, பட்ட வலி, வேதனை எல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் விழுந்தாலே காசு என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடைக்காரர் நியாயமாக எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்று விழுந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் கைதவறி எண்ணெய்ப் போத்தலை உடைத்து, அடுத்த நொடியே இன்னொருவர் அதில் வழுக்கினால், கடைக்காரர் மேல் பழி போடுவது கஷ்டம். நியாயமும் இல்லை. இதே உரோமன் டச்சுச் சட்டம் உள்ள தென்னாப்பிரிக்காவில் 1998 இல் சுப்பர் மார்க்கட் வழக்கு ஒன்றில் நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். சிந்தியதெல்லாம் சிந்திய கணமே துடைக்கப்பட வேண்டும் என்று கேட்கவில்லை. சிந்தியது நெடுநேரம் ஆபத்தாகக் கிடக்காமல், நியாயமான நேரத்துக்குள் கண்டுபிடித்துத் துடைக்க ஓர் ஒழுங்கு கடையில் இருக்க வேண்டும் என்றது.

இங்கிலாந்தில் 1976 இல் தீர்ந்த வழக்கு இன்னும் சுவாரசியம். பெரிய கடையொன்றில் ஒரு பெண் தரையில் சிந்திக் கிடந்த யோகட்டில் வழுக்கி விழுந்தார். நாங்கள் நாளுக்கு ஐந்தாறு தடவை கூட்டுகிறோம், யாராவது சிந்தினால் பக்கத்தில் நின்று ஆளைக் கூப்பிடும்படி ஊழியர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம் என்றது கடை. யோகட் எவ்வளவு நேரமாக அங்கே கிடந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூன்று வாரம் கழித்து அவர் அதே கடைக்குப் போனபோது தோடம்பழச் சாறு கால் மணி நேரமாகத் துடைக்காமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொன்னார். கடைத் தரையில் இப்படிப்பட்டது கிடக்கக் கூடாது, கிடந்தால் தன் பக்கம் கவனக்குறைவு இல்லையென்று கடைதான் விளக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றப் பெரும்பான்மை தீர்ப்பளித்தது. கிடைத்த நட்டஈடு 137 பவுண்டும் 50 பென்ஸும்தான். அந்தச் சின்னத் தொகைக்காக மேன்முறையீடு வரை போனது கடை. அது அவர்கள் நாட்டுத் தீர்ப்பு, நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் சட்டத்தரணிமார் இப்படிப்பட்ட தீர்ப்புகளை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை.

சரி, பலகைக்கு வருவோம். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம், நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றியது. வியாபாரம் செய்கிறவர் தன் கவனயீனத்தால் வரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை, ஒப்பந்தத்தில் எழுதியோ அறிவித்தல் போட்டோ தட்டிக்கழிக்க முடியாது என்பது அதன் சாரம். அச்சகத்துக்குக் கொடுத்த காசுக்கு நாலு நல்ல மொப் வாங்கியிருக்கலாம்.

நீதிமன்றத்தில் செல்லாத பலகை கடையில் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. விழுந்தவர் எழுந்திருக்கும்போது கண்ணில் படுவது அதுதான். "பொறுப்பல்லன்னு எழுதியிருக்காங்களே, நாம என்னத்தக் கேக்குறது" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். சட்டம் தெரிந்த ஒருவரையும் அது தடுக்காது. சட்டம் தெரியாதவரைத்தான் தடுக்கும், அதாவது எங்கள் ஆட்களை. இதை வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விளைவு இதுதான், இப்போது உங்களுக்கும் தெரியும்.

"சனங்கள் பார்த்து நடக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும்தான். விழுந்தவர் பக்கமும் பிழையிருந்தால் அதற்கேற்ற அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்கலாம் என்று 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. குறைக்கத்தான் சொல்கிறது. ஒருவர் மேலே ராக்கையில் விலையைத் தேடிக்கொண்டு நடப்பார் என்பதை உங்களைவிட யார் அறிவார்? நீங்கள் சாமான் அடுக்குவதே அவர் கண் அங்கே போக வேண்டும் என்றுதானே.

மழையைக் கடவுள் மேல் போடும் பேச்சும் எடுபடாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் கொட்டுகிற சீமை இது. மே மாதம் தொடங்கினால் செப்ரெம்பர் வரை குடையும் சேற்றுக் காலுமாகத்தான் ஆட்கள் கடைக்குள் வருவார்கள். எதிர்பார்க்க முடியாத மழை என்று மலையகத்தில் கடை வைத்திருக்கிற யாரும் சொல்ல முடியாது. முந்தி இந்தக் கடைகளில் சொரசொரப்பான சீமெந்துத் தரை இருந்தது. கண்ணாடி மாதிரி மினுங்கும் டைல்ஸ் போட்டது நீங்கள். ஈரம் பட்டால் அது எப்படி இருக்கும் என்று வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். வாசலில் போடுகிற சாக்கு இன்னொரு தொல்லை. காலையில் விரித்தது பத்து மணிக்கெல்லாம் நனைந்து சுருண்டு கிடக்கும், கிழவிகள் அதில் கால் தடுக்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொருவரும் வழக்குப் போட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று சங்கத்தில் ஒருவர் பேசினாராம். இந்த நகரத்தில் அப்படி எத்தனை வழக்கு வந்திருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அன்றாடம் வேலைக்குப் போனால்தான் பேர் என்கிற ஆள், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேரை இழந்து நீதிமன்ற வாசலில் நிற்பது லேசான காரியமா? ஆசைக்கு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

எங்கள் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி அட்டை, எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, வேலைக்குப் போகாத நாட்களைக் காட்டும் தோட்டத்துச் சம்பளத் துண்டுகள், வண்டிக் கூலிக்குக் கையெழுத்து வாங்கிய துண்டுகள், விழுந்ததைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர். பொலிஸில் முறைப்பாடு பதிந்திருக்கிறோம். காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. 1871 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம் அது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வாதாட, 1978 ஆம் ஆண்டின் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கமராப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிவு இருந்தும் இல்லையென்று சொன்னால் நீதிபதி அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை உங்கள் சட்டத்தரணியிடமே கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு வழக்கில் ஆசையில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபை இருக்கிறது. வரையறுத்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் அங்கே போக வேண்டும் என்பதே சட்டம். அங்கே இணக்கம் வராவிட்டால்தான் சான்றிதழோடு நீதிமன்றம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிக்கக் கூடிய விஷயத்தை ஏன் வருடக்கணக்கில் இழுக்க வேண்டும்?

ஆகவே சங்கத்திடம் நாங்கள் கேட்பது:

முதலில் பலகையைக் கழற்றுங்கள். எல்லாக் கடையிலும், அடுத்த கூட்டத்துக்கு முன்னால். "ஈரத் தரை, கவனம்" என்று தேவையான நேரத்தில் தேவையான இடத்தில் ஒரு அறிவிப்பு வையுங்கள், அதற்கு நாங்களே நன்றி சொல்வோம்.

உதிரி எண்ணெய் விற்கிற கடைகள், ஆட்கள் நடக்கிற வழியில் பீப்பாயை வைக்கக் கூடாது. ஒழுகும் குழாயை மாற்றுங்கள், அட்டை விரிப்பதை அடியோடு நிறுத்துங்கள். மழை நாளில் வாசலில் சாக்குக்குப் பதிலாக வழுக்காத கால்மிதி, குடை வைக்க ஒரு வாளி, தரையைத் துடைக்கப் பெயர் சொல்லி ஒதுக்கிய ஒரு ஆள், துடைத்த நேரத்தை எழுதி வைக்க ஒரு தாள். அந்தத் தாள் நாளைக்கு உங்களையே காப்பாற்றும்.

கடைக்குள் யாராவது விழுந்தால் அதை எழுதுவதற்கு ஒவ்வொரு கடையிலும் ஒரு புத்தகம் வேண்டும். நேரம், இடம், தரையில் என்ன கிடந்தது, யார் பார்த்தது. அதன் பிரதி ஒன்று விழுந்தவர் கைக்குப் போக வேண்டும், தமிழில். அன்றைய கமராப் பதிவை அழியவிடாமல் எடுத்து வைக்க வேண்டும்.

பொதுமக்களுக்கு ஏற்படும் காயங்களுக்கான பொறுப்புக் காப்புறுதியை, தனிக் கடைக்குக் கட்டுப்படியாகாவிட்டால், சங்கமாகச் சேர்ந்து எடுக்க முடியுமா என்று காப்புறுதிக் கம்பனிகளிடம் கேளுங்கள். தீக்கும் திருட்டுக்கும் எடுக்கிறீர்கள்தானே.

முறைப்பாடு செய்தவரின் கொப்பியை அதற்காக மூட மாட்டோம், நட்டஈட்டைக் கடனில் கழிக்க மாட்டோம் என்று சங்கம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடன் வேறு, காயம் வேறு.

கடைசியாக, அக்காவின் விஷயம். இழந்த பேர், வைத்தியச் செலவு, வண்டிக் கூலி ஆகியவற்றின் கணக்கைச் சம்பந்தப்பட்ட முதலாளியிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அவர் பெற்றுக்கொண்டு கையெழுத்தும் போட்டிருக்கிறார். வலிக்கும் வேதனைக்கும் எவ்வளவு என்பதை மத்தியஸ்த சபையில் பேசலாம். அங்கே வந்து உட்காரும்படி உங்கள் அங்கத்தவருக்குச் சங்கம் சொல்ல வேண்டும். இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், சட்ட உதவி ஆணைக்குழு மூலம் மாவட்ட நீதிமன்றத்துக்கான வேலைகளைத் தொடங்குவோம். இந்த மடலின் பிரதிகள் உள்ளூராட்சி சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போகின்றன.

இப்படிக்கு,
மேற்படி விபத்தில் காயமடைந்தவரின் தம்பி